பேனா பிடித்தவர்கள் மட்டை பிடித்தார்கள்!

1887-ம் ஆண்டு. லண்டனில் இருந்து புறப்பட்ட ரெயில் ஒன்றில் ஒரு கிரிக்கெட் கோஷ்டி போய்க்கொண்டு இருந்தது. சர்ரே வட்டாரத்தில் உள்ள ஷியர் என்ற சிற்றூரில் பந்தயம். உள்ளூர்க்காரர்களுடன் மோத வேண்டும்.

கோஷ்டியில் இருந்தவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்ல. எழுதிப் பிழைப்பவர்கள், அவர்களுடைய சினேகிதர்கள், ஆப்பிரிக்கக் காடுகளைச் சுற்றிவிட்டு வந்த பிரயாணிகள்.

வழியில் ஒரு சர்ச்சை கிளம்பியது. மட்டையின் எந்தப் பக்கத்தால் பந்தை அடிப்பது என்பதுதான் அது! தட்டையான பக்கத்தாலா, மேடான பக்கத்தாலா?

கோஷ்டித் தலைவருக்கு நெஞ்சு பக்கென்றது. “கடவுளே, நீதான் காப்பாற்ற வேண்டும்” என்பதை ஆப்பிரிக்காவில் எப்படிச் சொல்வார்கள் என்று பிரயாணிகளைக் கேட்டார். “அல்லாஹு அக்பர்” என்று பதில் வந்தது.

பெயர் கிடைத்துவிட்டது! அதோடு தலைவரின் பெயரான “பேரி” என்பதையும் ஒட்டவைத்தார்கள். “அல்லாஹக்பேரிஸ்” என்று கோஷ்டிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

உண்மையில் அந்த அரபுச் சொற்களுக்கு, “இறைவன் மிகப் பெரியவன்” என்று பொருள். பிரயாணிகள் சொன்ன அர்த்தம் தவறு. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் கோஷ்டி 26 ஆண்டு காலம் ஆடியது.

கோஷ்டித் தலைவர் யார் தெரியுமா? “பீட்டர் பான்” என்ற நாடகத்தை எழுதி, பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஜேம்ஸ் மேத்யூ பேரிதான்.

நெசவாளர் மகன்

பேரி, ஸ்காட்லாந்துக்காரர். கிர்ரிமியூர் என்ற சின்ன ஊரில் 1860-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி பிறந்தார். தகப்பனார் கைத்தறி நெசவாளர். வீடு நிறையக் குழந்தைகள்.

பேரியின் அண்ணன் டேவிட். தாயாருக்கு அவன்தான் செல்லப்பிள்ளை. 1867-ம் ஆண்டு ஜனவரி மாதம் அவன் பனிக்கட்டியில் சறுக்கி விளையாடப் போனான். இன்னொரு பையன் வந்து மோதினான். டேவிட் கீழே விழுந்தான். மண்டையில் அடி. பிழைக்கவில்லை. இன்னும் சில நாட்களில் அவனுக்கு 14 வயது நிறைந்திருக்கும்.

தாயார் படுத்த படுக்கை ஆகிவிட்டார். யாருடனும் பேச்சு இல்லை.

6 வயதுப் பேரி ஒரு காரியம் செய்தான். அண்ணனுடைய உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டான். அண்ணனைப் போலவே கால்களை அகட்டி வைத்து, பைக்குள் கையை விட்டுக்கொண்டு, தாயாரின் அறையில் நின்று விசில் அடித்தான்.

இதைப் பேரியே பின்னால், தாயாரைப் பற்றி எழுதிய புத்தகத்தில் சொல்லி இருக்கிறார். அவர் வாழ்க்கையில் ஆடிய முதல் ஆட்டம் இதுதான் என்று சொல்லலாம். ஒரு தாயின் கண்ணீரை நிறுத்துவதற்காக ஆடிய ஆட்டம்.

செத்துப்போன பிள்ளை வளருவது இல்லை. எத்தனை ஆண்டுகள் ஆனாலும் டேவிட் அந்தத் தாயாருக்கு 13 வயதுப் பையனாகவே இருந்தான். வளரவே வளராத பையன் பீட்டர் பான், அங்கே இருந்துதான் பிறந்தான் என்று பேரியின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள்.

பேரி பெரியவர் ஆனார். ஆனால் உயரம் சுமார் 5 அடி 3 அங்குலம்தான். லண்டனுக்கு வந்து பத்திரிகைகளுக்கு எழுதினார். கதை, நாடகம் என்று வளர்ந்தார். உடம்பில் பலம் இல்லை, சதா இருமல். ஆனால் கிரிக்கெட் என்றால் உயிர்!

எதிரிக்குத் தைரியம் வந்துவிடும்!

பேரி பந்து போடுவதைப் பற்றி அவரே ஒரு தமாஷ் சொல்வார். பந்து அவ்வளவு மெதுவாகப் போகுமாம். போட்ட பந்து பிடிக்கவில்லை என்றால், பின்னாலேயே ஓடிப்போய் அதை எடுத்து வந்துவிடலாமாம்!

கோஷ்டிக்கு ஆள் சேர்த்த விதமும் வேடிக்கை. கல்யாணம் ஆனவர்களை அவர்களுடைய மனைவிமார் நல்லவர்கள் என்பதற்காகச் சேர்த்தாராம். ஆகாதவர்களை, பார்க்க விசித்திரமாக இருக்கிறார்கள் என்பதற்காகச் சேர்த்தாராம்.

பந்தயத்துக்கு முன்னால் எதிரியின் மைதானத்தில் பயிற்சி செய்யக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஏன்? இவர்கள் ஆடும் அழகைப் பார்த்தால் எதிரிக்குத் தைரியம் வந்துவிடுமே!

கோஷ்டியில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தாராம். அம்பயர் “ஓவர்” என்று சொல்வார் அல்லவா? ஆட்டமே முடிந்துவிட்டது என்று நினைத்து, அவர் மைதானத்தை விட்டுப் போய்விடுவாராம்.

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது பழமொழி. பேரி கூடத்தைக் குறை சொல்லவில்லை. ஆடத் தெரியாததையே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அது மட்டும் அல்ல. தம் ஆட்டக்காரர்களைக் கேலி செய்து ஒரு சிறிய புத்தகம் எழுதினார். சொந்தச் செலவில் அச்சடித்து அவர்களுக்கே கொடுத்தார்! ஒருவர் முதல் ஆட்டத்தில் அருமையாக 1 ரன் எடுத்தார், இரண்டாவது ஆட்டத்தில் அவ்வளவு சரியாக ஆடவில்லை என்கிற மாதிரிப் பாராட்டுகள் அதில் இருக்கும்.

இந்தக் கதைகள் எல்லாம் அப்படியே நடந்தவையா? அப்படி நம்ப வேண்டியது இல்லை. மட்டையின் பக்கம் தெரியாதவர்கள் 26 ஆண்டு ஆடுவார்களா? பாதிக் கோஷ்டி மைதானத்தில் இருந்தது. மீதிப் பாதி பேரியின் காகிதத்தில் இருந்தது. பேரிக்குப் பந்து விளையாட்டும் எழுத்து விளையாட்டும் வேறு வேறு அல்ல. இரண்டிலும் அவரே சட்டம் போடுவார். ஆளுக்கு ஒரு வேஷம் கொடுப்பார். பொழுது சாயும் வரை எல்லோரும் அதை நிஜம் என்றே எண்ணி ஆடவேண்டும். சிரித்துக்கொண்டே ஆடலாம், ஆனால் அலட்சியமாக ஆடக்கூடாது. அதுதான் அவருடைய நிபந்தனை.

பிராட்வே என்ற கிராமத்தில் ஓவியர்கள் கோஷ்டியுடன் ஆண்டுதோறும் போட்டி நடந்தது. எதிர்க் கோஷ்டிக்குத் தலைமை வகித்தவர் ஒரு பெண்! மேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்க நாடக நடிகை. கல்யாணத்துக்குப் பிறகு நாடகத்தை விட்டுவிட்டு அங்கே குடியேறியவர். 1899-ம் ஆண்டில் பேரி எழுதிய கிரிக்கெட் புத்தகத்தை, அன்பான எதிரி என்று குறிப்பிட்டு அந்த அம்மையாருக்கே சமர்ப்பணம் செய்தார்.

பையில் பற்றிய நெருப்பு

கோஷ்டியில் உண்மையாகவே ஆடத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். ஷெர்லக் ஹோம்ஸ் துப்பறியும் கதைகளை எழுதிய கானன் டாயில்தான் அவர். வாட்டசாட்டமான ஆள். பேரி பக்கத்தில் நின்றால் யானையும் ஆட்டுக்குட்டியும் போல இருக்கும்!

டாயில் முதல்தரப் பந்தயங்களில் 10 முறை ஆடி இருக்கிறார். அவற்றில் அவர் எடுத்தது ஒரே ஒரு விக்கெட். ஆனால் அது யாருடைய விக்கெட்? கிரிக்கெட் உலகின் தாடிக்காரச் சக்கரவர்த்தி டாக்டர் கிரேசின் விக்கெட்! நடந்தது 1900-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். டாயில் அதைப் பற்றி ஒரு பாட்டே எழுதிவிட்டார்.

இன்னொரு நாள் லார்ட்ஸ் மைதானத்தில் டாயில் ஆடிக்கொண்டு இருந்தார். வேகப்பந்து ஒன்று தொடையில் பட்டது. திடீர் என்று தொடை எரிந்தது. பார்த்தால் கால்சட்டைப் பையில் இருந்து புகை வந்தது! பையில் இருந்த தீக்குச்சிப் பெட்டி மீது பந்து பட்டுக் குச்சிகள் பற்றிக்கொண்டன. எரியும் பெட்டியை எடுத்து வீசினார். கிரேசுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உம்மை அவுட் ஆக்க முடியவில்லை, அதனால் கொளுத்திவிட்டார்கள் என்று கேலி செய்தாராம்.

டாயிலும் பேரியும் கூட்டுச் சேர்ந்து 1893-ல் ஒரு இசை நாடகம் எழுதினார்கள். அது படுதோல்வி அடைந்தது. கூட்டு வியாபாரம் நொடித்துப்போனால் சினேகிதம் முறியும் என்பார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. பேரி தம் புத்தகம் ஒன்றின் வெற்றுத் தாளில் ஒரு குட்டிக் கதை எழுதி டாயிலுக்கு அனுப்பினார். நாடகம் எழுதிய இரண்டு பேர் ஷெர்லக் ஹோம்சிடம் போகிறார்கள். ஜனங்கள் ஏன் எங்கள் நாடகத்துக்கு வரவில்லை, கண்டுபிடித்துச் சொல் என்கிறார்கள். வராமல் இருப்பது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று துப்புத் துலக்கிவிடுகிறார் ஹோம்ஸ்! டாயில் அந்தக் கதையைத் தம் சுயசரிதையில் அச்சிட்டு மகிழ்ந்தார். ஒரு ரன்னில் அவுட் ஆனவன் சிரித்துக்கொண்டே வருவது போலத்தான் இதுவும்.

டாயிலின் தங்கை புருஷர் ஹார்னங் என்பவரும் எழுத்தாளர். அவர் படைத்த கதாநாயகன் “ராபிள்ஸ்”. பகலில் பேர்பெற்ற பந்து வீச்சாளன். இரவில் கைதேர்ந்த திருடன்!

பூங்காவில் கண்ட பையன்கள்

பேரிக்குக் குழந்தைகள் இல்லை. வீட்டுக்கு அருகில் கென்சிங்டன் பூங்கா. தம்முடைய பெரிய நாயுடன் அங்கே உலாவப் போவார். காதை ஆட்டிக் காட்டுவார். புருவத்தை மேலும் கீழும் அசைப்பார். குழந்தைகள் கூடிவிடும்.

அப்படி 1897-ம் ஆண்டு வாக்கில் பழக்கம் ஆனவன், ஜார்ஜ் என்ற சிறுவன். லூவலின் டேவிஸ் குடும்பத்துப் பிள்ளை. அவனுக்கு ஜாக், பீட்டர் என்று தம்பிகள். பிறகு மைக்கேல், நிக்கோ என்று இரண்டு பேர் பிறந்தார்கள்.

1901-ம் ஆண்டு கோடையில் சர்ரேயில் பேரிக்கு இருந்த வீட்டுக்குப் பக்கத்தில் இந்தக் குடும்பம் வந்து தங்கியது. அங்கே ஓர் ஏரி. சுற்றிலும் பைன் மரங்கள். பையன்கள் கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கியவர்கள் ஆனார்கள். பேரி கடற்கொள்ளைக்காரர் ஆனார். நாய் சில சமயம் புலி ஆனது. கோடை முழுவதும் ஒரே கலாட்டா!

பேரி அதைப் படம் பிடித்தார். படங்களைச் சேர்த்து ஒரு புத்தகம் செய்தார். எழுதியவன் என்று 4 வயதுப் பீட்டரின் பெயரைப் போட்டார். இரண்டே இரண்டு பிரதிகள்தான் தயார் ஆயின. ஒன்றைப் பையன்களின் தகப்பனாருக்குக் கொடுத்தார். அவர் அதை ரெயிலில் தொலைத்துவிட்டார்.

அந்த விளையாட்டுத்தான் 1904-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி லண்டனில் “பீட்டர் பான்” என்ற நாடகமாக அரங்கேறியது. வளர மறுத்துப் பறந்துபோன பையன், தாய் இல்லாத பிள்ளைகள் வாழும் தீவு, கொக்கிக்கை கொள்ளைக்காரன். அந்தத் தீவில் சில நாள் சாப்பாடு இருக்காது. சாப்பிடுவது போல ஜாடை காட்டுவதுதான் சாப்பாடு. பீட்டருக்கு அதிலேயே வயிறு நிறைந்துவிடும். மற்றப் பிள்ளைகளுக்குத்தான் பசிக்கும்!

நாடகத்தில் ஒரு கட்டம். விஷம் குடித்த குட்டித் தேவதை சாகக் கிடக்கிறாள். தேவதைகள் உண்டு என்று நம்புகிறவர்கள் கை தட்டினால் அவள் பிழைப்பாள் என்று பீட்டர் சபையைப் பார்த்துச் சொல்லுகிறான். முதல் நாள் யாரும் தட்டாவிட்டால் என்ன செய்வது? பேரிக்குப் பயம். வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு நீங்கள் தட்டுங்கள் என்று வாத்தியக்காரர்களிடம் சொல்லிவைத்து இருந்தார். அதற்கு அவசியமே ஏற்படவில்லை. பெரிய மனிதர்கள் நிறைந்த சபை படபடவென்று தட்டியது. பீட்டராக நடித்த நடிகை அழுதுவிட்டார்.

கடைசிப் படம்

ஆண்டுகள் ஓடின. பையன்களின் தகப்பனார் 1907-ல் இறந்தார். தாயார் 1910-ல் கண்ணை மூடினார். 5 பிள்ளைகளையும் பேரியே வளர்த்தார்.

ஜார்ஜ் நெடுநெடு என்று வளர்ந்தான். ஈட்டன் பள்ளிக்கூடக் கிரிக்கெட் கோஷ்டியில் இடம் பெற்றான். பேரியின் ஆனந்தத்துக்கு அளவே இல்லை. பந்து அடிக்கத் தெரியாதவர்களின் தலைவர் வளர்த்த பிள்ளை, உண்மையான ஆட்டக்காரன் ஆகிவிட்டான்!

1913-ம் ஆண்டில் எடுத்த அல்லாஹக்பேரிஸ் கோஷ்டியின் படம் ஒன்று இருக்கிறது. அதில் 53 வயதுப் பேரி இருக்கிறார். பின்னால் கரடிப் பொம்மைக் கதைகளை எழுதிப் புகழ் பெற்ற மில்ன் இருக்கிறார். பூங்காவில் பேரியின் காதைப் பார்த்துச் சிரித்த ஜார்ஜும் இப்போது கோஷ்டியில் ஓர் ஆளாக இருக்கிறான்.

அதற்குப் பிறகு கோஷ்டி ஆடவில்லை. மறு ஆண்டு ஆகஸ்டு மாதம் முதலாவது உலக யுத்தம் மூண்டது.

பேரி கோஷ்டியில் ஆடியவர்களில் உட்ஹவுஸ் என்ற நகைச்சுவை எழுத்தாளரும் ஒருவர். அவர் அதே 1913-ல் செல்டன்ஹாம் நகருக்குப் போய் இருந்தபோது, ஒரு பந்தயம் பார்த்தார். வார்விக்ஷயர் கோஷ்டியில் ஓர் இளைஞர் பந்து போட்ட அழகு அவர் மனதில் பதிந்தது. அந்த இளைஞரின் பெயர் பெர்சி ஜீவ்ஸ். அந்த ஆண்டில் மட்டும் 106 விக்கெட் எடுத்தவர். இங்கிலாந்துக்காக ஆடப்போகிறவர் என்று பேசப்பட்டவர்.

யுத்தம் வந்தது. ஜீவ்ஸ் பட்டாளத்தில் சேர்ந்தார். உட்ஹவுஸ் 1915-ல் ஒரு கதை எழுதினார். அதில் வரும் வேலைக்காரருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அந்தப் பந்து வீச்சாளரின் பெயரை வைத்தார். அந்த “ஜீவ்ஸ்”, எந்தச் சிக்கலையும் தீர்த்துவைக்கும் மகா புத்திசாலி. உலகம் முழுவதும் அவரைப் படித்துச் சிரித்தார்கள்.

பெயரைக் கொடுத்தவர், 1916-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி பிரான்சு நாட்டில் சோம் போர்க்களத்தில் மாண்டார். வயது 28. உடல் கிடைக்கவில்லை. தியப்வால் என்ற இடத்தில், கல்லறை இல்லாத வீரர்களுக்காகக் கட்டிய நினைவு மண்டபத்தில் அவருடைய பெயர் வெட்டப்பட்டு இருக்கிறது. அதே சோம் களத்தில் அதே ஆண்டு மில்னும் இருந்தார். காய்ச்சல் கண்டு ஊருக்கு அனுப்பப்பட்டதால் தப்பினார். டாயிலின் மகன் அங்கே காயம் அடைந்தான். 1918-ல் விஷக்காய்ச்சலில் இறந்தான்.

ஜார்ஜ் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டு இருந்தவன். யுத்தம் மூண்டதும் தம்பி பீட்டருடன் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தான். பேரி அவனுக்கு அடிக்கடி கடிதம் எழுதினார். 1915-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி எழுதிய கடிதத்தில் வேடிக்கை இல்லை, தமாஷ் இல்லை. யுத்தத்தில் பெருமை ஏதாவது இருப்பதாக முன்பு நினைத்தது உண்டு, அந்த எண்ணம் எல்லாம் போய்விட்டது என்று எழுதினார்.

4 நாள் கழித்து, மார்ச் 15-ந் தேதி பெல்ஜியத்தில் ஜார்ஜின் தலையில் குண்டு பாய்ந்தது. அவனுக்கு வயது 21.

பீட்டர் பான் நாடகத்தில், தண்ணீர் சூழ்ந்த பாறை மீது தனியாக நிற்கும் பீட்டர், மரணத்தையும் ஒரு விளையாட்டாக எண்ணிப் பேசும் இடம் ஒன்று உண்டு. அந்த ஆண்டு நாடகம் நடந்தபோது அந்த வசனத்தை எடுத்துவிட்டார்கள். கேட்கிறவர்கள் வீட்டில் எல்லாம் பட்டாளத்துக்குப் போன பிள்ளைகள்.

அதற்குப் பிறகு

பேரிக்கு அடி அதோடு நிற்கவில்லை. 1921-ல் ஆக்ஸ்போர்டு அருகே மைக்கேல் தண்ணீரில் மூழ்கி இறந்தான். அவனுக்கு வயது 20.

1929-ம் ஆண்டு பேரி, பீட்டர் பான் நாடகத்தின் உரிமையை லண்டனில் உள்ள கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். எவ்வளவு பணம் வருகிறது என்பதை வெளியிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். உரிமைக் காலம் முடிந்த பிறகும் இங்கிலாந்தில் அந்த வருமானம் ஆஸ்பத்திரிக்கே போகவேண்டும் என்று 1988-ல் பார்லிமெண்டு சட்டம் செய்தது.

1930-ல் தாம் பிறந்த கிர்ரிமியூரில் கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கு ஒரு மண்டபம் கட்டிக்கொடுத்தார். 1937-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி காலமானார். அல்லாஹக்பேரிஸ் பற்றிய அவருடைய கேலிப் புத்தகத்தை 1950-ல் மறுபடியும் அச்சிட்டார்கள். முன்னுரை எழுதியவர் சாமானியர் அல்ல, டான் பிராட்மன்! உலகில் மிக நன்றாகக் கிரிக்கெட் ஆடியவர், மிக மோசமாக ஆடியவர்களுக்கு முன்னுரை எழுதினார்.

1901-ம் ஆண்டு கோடையில் செய்த படப் புத்தகத்தில், ரெயிலில் தொலைந்தது போக மிச்சம் இருந்த ஒரு பிரதி இப்போது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து நூல் நிலையத்தில் இருக்கிறது. ஏரிக்கரைக் காட்டில் தீவு வீரர்களாக மூன்று பையன்கள் நிற்கிறார்கள். மூத்தவன் ஜார்ஜ். அந்தக் கோடையில்தான் அவனுக்கு 8 வயது நிறைந்தது.